முதுகும் பளுவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

முத்தமிழ் முழங்கும் மேடையில் முதுகுவலியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நாம் புலவரல்லோம், பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எழுத்தர். எனினும் நமது குடியிருப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுபவர் இல்லாத வீடு அரிது. ஆதலின் பட்டதைச் சொல்லத் துணிந்தோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில், சமையல் எரிவாயு சிலிண்டரைத் தூக்கினோம். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. முதுகை வில்லாய் வளைத்து, இடுப்பைத் திருப்பித் தூக்கினோம். சுரீரென்றது, அங்கேயே அமர்ந்துவிட்டோம். இரு வாரம் படுக்கை. "இனிக் குடத்தைக்கூடத் தொடாதீர்" என்றனர் அன்பர்கள். நான்கு வயது மகள் கைநீட்டி ஓடிவந்தபோது பின்வாங்கினோம். வலியினும் அச்சமே பெரிதாயிற்று.

பின்னரே இயன்முறை மருத்துவர் ஒருவர் உண்மையை உணர்த்தினார். சாதாரண இடுப்புவலிக்கு நெடுநாட் படுக்கை மருந்தன்று. உழைக்காத தசை மேலும் நலியும். தூக்காதிருப்பதன்று, தூக்கக் கற்பதே வழி.

இவ்வறிவு மைசூருக்குப் புதிதன்று. இங்குள்ள கரடி மனைகள் கரடி வாழும் இல்லங்கள் அல்ல. மல்லர் உடலுரம் பெறும் செம்மண் களங்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933 முதல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்தபோது, அவரவர் உடல்நிலைக்கேற்பப் பயிற்சியை மாற்றித் தந்தார். நொந்த முதுகிற்கும் அதுவே நெறி.

நிலத்தில் கிடக்கும் பளுவை நிமிர்ந்து தூக்குவதை உடற்பயிற்சிக் கூடத்தில் 'டெட்லிஃப்ட்' என்பர். வாளியும் அரிசி மூட்டையும் தூக்கும் நாம் அனைவரும் அதைத்தான் செய்கிறோம். பளு உடலைவிட்டு விலக விலக இடுப்பின் சுமை பெருகும். கடப்பாரையின் கணக்கு இதுவே. ஆகவே பளுவைக் காலருகே கொணர்க. முதுகை வளைக்காது, பிட்டத்தைப் பின்தள்ளி, இடுப்பு மூட்டில் மடங்குக. மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குக. கால்களால் தரையை ஊன்றி எழுக. திரும்ப வேண்டின் பாதங்களால் திரும்புக.

முதலில் வெறுங்கோல்; பின்னர் முக்காலிமேல் வைத்த அரைவாளி நீர்; அதன்பின் சிறிது சிறிதாக ஏற்றுக. உறக்கத்தில் முதுகெலும்பிடைத் தட்டுகள் நீரேற்று உப்பியிருக்கும். ஆதலின் விழித்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிந்து பளு தூக்கலாகாது.

நடுவுடலை உரமாக்கக் கனடா நாட்டுப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். மல்லாந்து, ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பின்கீழ்க் கைவைத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துதல். ஒருக்களித்து முழங்கையூன்றி இடுப்பை உயர்த்துதல். கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும், பின் மற்றவற்றையும் நீட்டுதல். ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிற்றல் போதும்.

ஓர் எச்சரிக்கை. கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு வலி, விழுந்தபின் கடுவலி இவை தோன்றின், பயிற்சியை விடுத்து உடனே மருத்துவரை நாடுக.

ஆறு திங்கள் சென்றபின், ஒரு மாலையில் மகளை அருகணைத்து, மூச்சடக்கி, தூக்கி நிறுத்தினோம். அவள் சிரித்தாள், முதுகு முனகவில்லை. அம்மகிழ்ச்சி உங்கள் இல்லந்தோறும் நிலவுக!