பொறுத்தல் என்னும் சொல்



1943 அக்டோபரில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சனை, உளவாளி என ஐயுற்று ஜப்பானிய இராணுவக் காவல்துறை கைது செய்தது. வதைத்தவர்கள், உன் கடவுள் உன்னை ஏன் காக்கவில்லை என எள்ளினர். அவர்களை மன்னிக்குமாறு அவர் இறைவனை வேண்ட முயன்றார். கொடுமை உறைந்த அம்முகங்களின்முன் அஃது எளிதாயில்லை. இவர்களும் ஒருகாலத்தில் குழந்தைகளாய் இருந்தவர்களே என எண்ணினார், வெறுப்பு தளர்ந்தது. போருக்குப்பின், வதைத்தோருள் ஒருவர் அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றுத் திருச்சபையில் சேர்ந்தார்.

சுமத்தலையும் மன்னித்தலையும் நாம் 'பொறுத்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். மன்னிப்பு குற்றத்தை மறைப்பதன்று; வலியைச் சுமந்தவாறே பகையை இறக்கிவைப்பது. திருக்குறளின் 'பொறையுடைமை' அதிகாரத்தைப் பயிலும்போது, இந்நகரில் அவ்வாறு பொறுத்த இம்மனிதரையும் நினைவுகூர்வோமாக.