காக்கையும் அதன் நீலச் சொந்தமும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



கொழும்பில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளிடம் காக்கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். காலி முகத்திடலில் கையில் இருக்கிற வடையையே கொத்திக்கிட்டுப் போயிடுமாம். கழுத்து சாம்பல் நிறமான அந்த ஊர்க்காக்கைக்கு நம் மலைக்காட்டில் ஒரு சொந்தக்காரப் பறவை உண்டு என்றால் நம்புவீர்களா?

உடம்பும் நீண்ட வாலும் நீலம். தலையும் இறக்கையும் செங்கபிலம். அலகும் காலும் சிவப்பு. சிங்களத்தில் 'கெஹிபெல்லா' என்பார்கள். பறவை சாஸ்திரத்தில் இரண்டும் காக்கைக் குடும்பம்தான். பேரினம் மட்டும் வேறு. காக்கை 'கோர்வஸ்', இது 'யூரோசிஸா'. மயிர்க்கொட்டியைப் பிடித்தால் உடனே விழுங்காது. பாசி பிடித்த கிளையில் தேய்த்துத் தேய்த்து, சுணையை எல்லாம் போக்கிட்டுத்தான் தின்னும். காக்கைக் குடும்பத்துப் புத்தி வேறெப்படி இருக்கும்!

ஆனால் இரண்டின் தலையெழுத்தும் வேறு. ஊர்க்காக்கை மனிதன் போட்ட குப்பையில் வளர்ந்தது. கப்பலேறி ஆபிரிக்கா வரை போய், அங்கே தொல்லையாகி, 2024இல் கென்யா அரசு பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு அழியும் பயமே இல்லை. நீலப் பறவையோ இலங்கையைத் தவிர உலகில் எங்குமே இல்லை. இங்கேயும் ஈரவலயக் காடுகளில் மட்டும்தான்: சிங்கராஜ, கித்துல்கல, ஹோர்ட்டன் சமவெளி என்று. உலகச் செம்பட்டியலில் அது 'அழியக்கூடிய நிலையில்' உள்ள இனம்.

காடு எங்கே போனது? முதலில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் போனது. வெட்டிய கை நம் பாட்டன் பூட்டன் கை. அவங்க ஆசைக்கு வெட்டவில்லை, கூலிக்கு வெட்டினாங்க. ஆகவே அந்தப் பழியை நாம் சுமக்கத் தேவையில்லை.

இன்று மிஞ்சியிருப்பது மலையுச்சியிலும் ஓடையோரத்திலும் உள்ள துண்டுக் காடுதான். குடிதண்ணீரும் அங்கிருந்துதான் லயத்துக்கு வருகிறது. விறகுக்குப் போகிற அம்மாமாரிடம் ஒன்று கேட்கிறோம். அடுப்பு எரிய வேண்டும், தெரியும்; கேஸ் விலையும் தெரியும். காய்ந்து விழுந்ததை எடுங்கள், நிற்கிற மரத்தை விட்டுவிடுங்கள். கவ்வாத்து நடக்கிற மலையில் மிலாறு கிடைக்கும்போது, மழைக்கு முன்பே கட்டிக் கொண்டுவந்து லயத்துக் கோடியில் அடுக்கி வையுங்கள்.