வாய்க்காலில் போகும் உரம்

விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி அமோனியாவுடையது. கோமியத்திலுள்ள யூரியா சிதைந்து அமோனியாவாகிக் காற்றில் கலக்கிறது. மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி வயலில் போடுகிறோமே, அதே தழைச்சத்துதான் இது. காற்றோடு போனது போக மிச்சமும், சாணத்திலுள்ள மணிச்சத்தும் தொழுவம் கழுவிய தண்ணீரோடு வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போய்விடுகின்றன.

வயலில் பயிரை வளர்க்கும் சத்து, குளத்தில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு விளைநிலங்களிலிருந்து மணிச்சத்து போய்ச் சேர்ந்ததன் பலனை டொலிடோ நகரம் அனுபவித்தது. 2014 ஆகஸ்டில் ஏரியில் நச்சுப்பாசி பெருகியதால், நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். காய்ச்சினாலும் போகாத நஞ்சு அது.

வழிந்தோடும் சத்தை மடக்கிப் பிடிக்க உயிர்க்கரி உதவும். சீமைக்கருவேல விறகு, தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி என எதையும் காற்று அதிகம் புகாமல் சுட்டால், சாம்பலாகாமல் உயிர்க்கரியாகும். விறகுக்கரித் துண்டு ஒன்றை உடைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். மரம் நீர் உறிஞ்சிய குழாய்கள் அப்படியே துளைகளாக நிற்கும். அந்தத் துளைச் சுவர்களில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் இருக்கும். அமோனியா நீரில் கரைந்து உருவாகும் அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம். அதனால் அது கரியில் ஒட்டிக்கொள்கிறது.

மணிச்சத்தின் கதை வேறு. அது நீரில் பாஸ்பேட்டாக இருக்கிறது. பாஸ்பேட்டுக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் வெறும் கரி அதை விலக்கிவிடும். எனவே சுடுவதற்கு முன்பே மூலப்பொருளை மக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். சுட்டபின் கரிமேல் படியும் மக்னீசியம் ஆக்சைடு, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் இந்த மக்னீசியம் தாராளமாகவே உண்டு.

பண்ணையில் செய்வதானால், முதலில் சாணத்தை வாரிவிட்டுக் கழுவுநீரைத் தொட்டியில் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரைத்தான் கரிப்படுகை வழியே மெதுவாக விடவேண்டும். கசடோடு விட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். சத்தேறிய கரியை மக்கிய எருவோடு கலந்து அடியுரமாக இடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கரிக்குப் பொதுவாகக் காரத்தன்மை அதிகம். களர் நிலத்துக்காரர்கள் மண்ணைப் பரிசோதிக்காமல் போடவேண்டாம். வடிந்துவரும் நீரில் கிருமிகள் இருக்கும். பச்சையாக உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சவேண்டாம்.

கரிப்படுகை அமைப்பது பிறகு இருக்கட்டும். தொழுவத்து நீர் குளத்துக்குப் போகும் வழியை இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.