கொடைமலையில் தேடிய விசை
(வத்தலக்குண்டில் ஆற்றப்பெற்ற உரை)



இவ் வத்தலக்குண்டு கொடைமலைக்கு வாயில். மலையேறும் பேருந்துகள் நாள்தோறும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றன. ஏறுவோர் ஏரியைக் காண்பர், தூண்பாறையைக் காண்பர், குளிரைத் துய்த்துத் திரும்புவர். ஆயின், அம் மலைமேல் உலக இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு தேடல் நடந்ததை அறிந்தோர் மிகச் சிலரே. அதுவரை எவரும் கண்டிராத ஒரு விசை உண்டோ என்பதே அத் தேடல்.

இயற்கையில் அடிப்படை விசைகள் நான்கு என்பது இற்றை அறிவியலின் முடிபு. மரத்தினின்று தேங்காய் விழுவது ஈர்ப்புவிசையால். விளக்கு எரிவதும் காந்தம் இரும்பைப் பற்றுவதும் மின்காந்தவிசையால். அணுவின் கரு சிதறாமல் இறுகப் பிணிப்பது வல்விசை. சில அணுக்கருக்கள் தாமே உருமாறிக் கதிர் வீசுதற்குக் கரணியமாவது மெல்விசை. வல்லினமும் மெல்லினமும் கற்ற தமிழ்ச் சிறுவனுக்கு வல்விசை, மெல்விசை என்றால் வேறு விளக்கமும் வேண்டுமோ? 'பௌதிகம்' என்று எழுதியவரை அச்சம் தந்த பாடம், 'இயற்பியல்' என்றான பின் இயல்பாகவே நெஞ்சில் அமர்ந்ததன்றோ?

இந் நான்கிற்கு அப்பால் ஒன்று உண்டோ என்னும் வினா கொடைமலையில் எழுந்த வகையைக் கேண்மின்!

சென்னையிலிருந்த வான் ஆய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பெற்றது. 1901 முதல் ஆங்கு ஞாயிற்று ஆய்வு நடைபெறலாயிற்று. 1907இல் சான் எவர்செட்டு என்னும் ஆங்கில அறிஞர் அங்கு வந்து சேர்ந்தார். 1909 சனவரியில், ஞாயிற்றுக் கரும்புள்ளிகளின் புறநிழற் பகுதியில் வளிகள் நடுவினின்று வெளிநோக்கிப் பாய்கின்றன என்று கண்டார். 'எவர்செட்டு விளைவு' என்றே உலகம் இன்றும் அதனை வழங்குகின்றது. 1911இல் அவர் ஆய்வகத் தலைவரானார். உரூதர்போர்டுடன் சேர்ந்து ஆல்பாத் துகள் ஈலியமே என மெய்ப்பித்த தாமசு இராய்ட்சும் அவருக்குத் துணையானார்.

ஞாயிற்றொளியை நிறமாலையாக விரித்தால் அதில் நுண்ணிய கருங்கோடுகள் தோன்றும். ஒளி தரும் பொருள் விலகிச் சென்றால் அக்கோடுகள் செந்நிறப் பக்கம் நகரும். நெருங்கி வந்தால் ஊதாப் பக்கம் நகரும். இவ்விருவரும் அளந்தபொழுது, ஞாயிற்றின் கோடுகள் செந்நிறப் பக்கம் நகர்ந்திருந்தன. நடுவினும் விளிம்பில் மிகுதியாக நகர்ந்திருந்தன. அழுத்தமே கரணியம் என்று பிறர் கூறியது அளவுகளோடு பொருந்தவில்லை. அஃது இயக்கத்தால் நேர்வதென்றால், ஞாயிற்றின் விளிம்பு முழுவதும் வளிகள் இந்த ஞாலத்தைவிட்டு விலகி ஓடுகின்றன என்றாகும். ஞாலத்தினும் மூன்று இலக்கம் மடங்கிற்கு மேற்பட்ட பொருண்மை உடையது ஞாயிறு. கடுகைக் கண்டு மலை அஞ்சி ஓடுமோ? ஓடுமாயின், ஞாலத்தினின்று ஞாயிறுவரை சென்று வளிகளைத் தள்ளும், அறியப்படாத விலக்கு விசை ஒன்று இருத்தல் வேண்டும். எவர்செட்டு இதனை எள்ளி ஒதுக்கவில்லை. 'ஞால விளைவு' எனப் பெயரிட்டு ஆய்ந்தார்.

அக்காலத்தில் ஐன்சுடைன் வேறொரு கரணியம் கூறியிருந்தார். ஞாயிற்றின் பேரீர்ப்பினின்று விடுபட்டு வெளிவரும் ஒளி ஆற்றலிற் சிறிது இழக்கும். அதனால் கோடுகள் செந்நிறப் பக்கம் நகரும். அந்நகர்ச்சி, ஒளிதரும் பொருள் நொடிக்கு ஏறத்தாழ 630 மீட்டர் விரைவில் விலகுவது போன்ற அளவினது என்றார்.

எது மெய்? ஞாலத்தில் நின்றுகொண்டு ஞாயிற்றின் மறுபக்கத்தைக் காணவியலாது. ஆயின் வெள்ளி காணும்! வெள்ளிக்கோள் ஞாயிற்றின் வேறு பக்கத்தே நிற்கும்பொழுது, அப்பக்கத்து ஒளியைப் பெற்றுக் கண்ணாடிபோல் ஞாலத்திற்கு அனுப்பும். அவ்வொளியில் நகர்ச்சி குறைந்தால் ஞால விளைவு மெய், குறையாவிடின் பொய். எத்துணை எளிய, எத்துணை அழகிய சூழ்ச்சி! எவர்செட்டு வெள்ளியின் நிறமாலையைப் படமெடுத்து அளந்தார். முதலிற் கிடைத்த அளவுகள் ஞால விளைவிற்குச் சார்பாகவே தோன்றின.

அமெரிக்க வில்சன் மலை ஆய்வகத்தார் அதனை மீண்டும் அளந்தனர். தாழ்வானிலுள்ள வெள்ளியின் ஒளி, ஞாலத்தின் காற்றூடே சாய்ந்து வருகையில் நிறந்தொறும் சிறிதே பிரியும். கருவியின் பிளவில் ஒருபாற் சாய்ந்து விழும். அதனாலேயே பொய்நகர்ச்சி தோன்றும் என்று காட்டினர். புதிய விசை கரைந்தது. ஐன்சுடைன் கூறிய விளைவு ஞாயிற்றொளியில் உண்டென எவர்செட்டும் பின்னர் ஏற்றார். விளிம்பில் நகர்ச்சி மிகுவதன் கரணியமும் பிற்காலத்தில் விளங்கிற்று. ஞாயிற்றின் பரப்பில் சூடான, ஒளிமிக்க வளி கொதித்து மேலெழுகின்றது. நடுப்பகுதியில் அது ஞாலத்தை நோக்கி வருவதால் செந்நிற நகர்ச்சியைக் குறைக்கின்றது. விளிம்பிலோ அவ்வெழுச்சி குறுக்காக அமைவதால் அக்குறைப்பு இல்லை. அவ்வளவே!

விசை கிட்டாமையால் அவ்வுழைப்பு வீணாயிற்றோ? இல்லை! தேடல் ஓயவுமில்லை. அங்கேரி அறிஞர் இயோட்வோசும் துணைவரும் செய்த, 1922இல் வெளிவந்த பழைய அளவுகளை 1986இல் பிசுபாக்கும் குழுவினரும் மீண்டும் ஆய்ந்து, 'ஐந்தாம் விசை' உண்டு என்றனர். உலகெங்கும் ஆய்வுகள் எழுந்தன. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த இராமநாத் கௌசிக்கு குழுவினர், கருநாடகத்துக் கௌரிபிதனூரில் நிலத்தடியே முறுக்குத் தராசு அமைத்துத் தேடினர். அத்தகைய விசை இருப்பின் இவ்வளவிற்கு மேல் இருக்கவியலாது என 1988இல் வரம்பு கட்டினர். 2021இல் அமெரிக்கப் பெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்னும் துகளின் காந்த அளவு கணக்கினின்று வேறுபட்டபொழுதும் புதிய விசை என்னும் ஆரவாரம் எழுந்தது. 2025இல் கணக்கே திருத்தப்பெற்று, அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது.

தமிழ்ப் பெருமக்களே! இதனின்று தமிழர் கொள்ளத்தக்கவை இரண்டு.

ஒன்று நேர்மை. தாம் பெயரிட்டு வளர்த்த கருத்தையே தாம் வகுத்த ஆய்விற்கு உட்படுத்தினார் எவர்செட்டு. அது தோற்றபொழுது உண்மைக்குத் தலைவணங்கினார். 'எல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்தனர். ஐம்பூதமே ஐந்து விசை' என மேடையில் முழங்குவோர் இத்தமிழினத்துள்ளும் உளர். அது தமிழுக்குப் பெருமையன்று, இழுக்கு! மொழிப்பற்று பொய்யைத் தாங்குங்கோலாகிவிடலாகாது. மெய்யாகவே பெருமையுடைய மொழிக்குப் பொய்ப்பெருமை எதற்கு?

மற்றொன்று மொழி. கொடைமலையில் கண்டவை யாவும் ஆங்கில வெளியீடுகளில் அச்சாகி, இலண்டனுக்கும் அமெரிக்காவிற்கும் சென்றன. அடிவாரத்து உழவன் மகனுக்கு, தன் தலைக்குமேல் நிகழ்ந்த தேடலைத் தன் மொழியிற் கூறுவார் இலர். ஒரு மலையின் உயரம் இரு கூட்டத்தாரையும் பிரிக்கவில்லை, மொழியே பிரித்தது. அறிவியல் தமிழில் நில்லாதென்போர்க்கு விடை வீண்சொற்போர் அன்று. நல்ல தமிழில் நல்ல அறிவியல் நூல்களை எழுதுவதே விடை.

எனவே, இளைஞர்களே! அடுத்த முறை மலையேறும்பொழுது ஏரியோடு திரும்பாதீர்கள். அவ் ஆய்வகத்தையும் காணுங்கள். கண்டதைத் தூய தமிழில் தம்பி தங்கையர்க்குக் கூறுங்கள். ஐந்தாம் விசை உண்டெனின், அதனைக் காண்பவர் தமிழில் எண்ணிப் பயின்றவராக ஏன் இருத்தல் கூடாது? வினா தமிழில் எழுக! விடை உண்மையில் நிற்க!

வெல்க தமிழ்!