காஞ்சிக்கு வந்த தூதர்



இன்று பட்டம் பெறும் மாணவிகளே, மாணவர்களே, உங்கள் ஊரான காஞ்சிக்கு வந்த தூதர்களில் பெயர் நிலைத்தவர் ஒரு பெண். தகடூர், அதாவது இன்றைய தருமபுரியிலிருந்து அதியமான் நெடுமான் அஞ்சி, காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையாரை அனுப்பினான். தொண்டைமான் அவரை அழைத்துப்போய்த் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மிரட்டத்தான். ஔவை நிதானமாகப் பார்த்தார். வேல்களுக்கு மயிற்பீலி, மாலை, திருத்திய காம்பு, நெய்ப்பூச்சு. எல்லாம் காவலுக்குள் பத்திரமாக இருந்தன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போலவே ஊசி ஏற்றிவிட்டார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. போர் நின்றது என்று கதை சொல்வார்கள். பாட்டில் அது இல்லை.

ஔவை போரே கூடாது என்றவர் அல்லர். அதியமானின் வீரத்தை வாயாரப் பாடியவர். ஆனாலும் அலங்கரித்த வேலைப் பார்த்ததும் அவருக்கு முறிந்த வேல்தான் நினைவுக்கு வருகிறது. பட்டறை வரை போய்ப் பார்த்தவரைத் தூது அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

பெண்ணைத் தூது அனுப்ப அதியமான் தயங்கவில்லை. நாம்தான் தயங்கினோம். குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்பணியில் அவரே முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டியிருக்கும் என்று எழுதி வாங்கினார்கள். பின்னாளில் பதவி உயர்வு மறுக்கப்பட, உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே உயர்வு வந்துவிட்டது! ஆனாலும் 1979 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தக் கல்யாண விதிகளைச் சும்மா விடவில்லை.

அதன்பின் ஸ்வீடன் தலைவர் ஓலோஃப் பால்மேயின் ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் முத்தம்மா உறுப்பினரானார். எதிராளி அஞ்சிக்கொண்டே இருந்தால் நமக்கும் பாதுகாப்பில்லை என்பது அதன் 1982 அறிக்கையின் சாரம்.

போர், தூது இதெல்லாம் டெல்லி சமாச்சாரம் என்று காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கோ குண்டு விழுந்தால் தங்கமும் வெள்ளியும் ஏறும். சூரத்திலிருந்து வரும் ஜரிகை ஏறும். தறியில் உட்கார்ந்த அம்மாவின் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்களில் சிலர் குடிமைப் பணித் தேர்வு எழுதுவீர்கள், எழுதுங்கள். மற்றவர்கள் அடுத்த தேர்தலில் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தெருக்குழாயைப் பற்றிக் கேளுங்கள். கூடவே, போர் வேண்டுமா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் என்ன பேசுவீர்கள் என்றும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.