அலைமேல் எழுதிய நாட்குறிப்பு: தனிக்கலம் செலுத்திய மூவர்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கடற்பயணம் பற்றிய பொருள் எடுத்துக்கொள்ளப்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடலின் அழகைப் போற்றுவது இவ்வுரையின் நோக்கமன்று. பெருங்கடலைச் சிறு பாய்மரப் படகில் கடப்போர் நாள்தோறும் எவ்வாறு வாழ்கின்றனர், அவ்வாழ்வை எவ்வாறு எழுதி வைக்கின்றனர் என்பதே இங்கு எடுத்துரைக்கப்படுகிறது. அதனுள் கவிஞர்களுக்கு உரிய வினா ஒன்று உண்டு. படிப்பதற்கு எவருமே இல்லாத இடத்தில் எழுதப்படும் சொல்லும் மெய்யாக இருந்தாக வேண்டுமா? 1968ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு படகுப் போட்டி இவ்வினாவிற்கு மூன்று மனிதர்களின் வாழ்வைக்கொண்டு விடை தந்தது.

நாளின் ஒழுங்கு

கடற்பயணம் என்றதும் புயலும் மலைபோல் எழும் அலையுமே நினைவிற்கு வருகின்றன. ஆயினும் நெடும்பயணத்தில் புயல் வீசும் நாள்கள் சிலவே. எஞ்சிய நாள்களின் வேலை பெரும்பாலும் வீட்டு வேலையை ஒத்தது. முப்பது அல்லது நாற்பது அடி நீளமுள்ள படகின் உள்ளறை, ஒரு வீட்டின் சமையற்கட்டைவிடப் பெரிதன்று. படுக்கையும் அடுப்பும், கடல் வரைபடத்தை விரிக்கும் மேசையும், பல மாதங்களுக்கான உணவுப் பொருள்களும், மாற்றுப் பாய்களும், கயிற்றுச் சுருள்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது அங்கே ஒழுக்கம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். மறந்து வைத்த பொருளுக்கு அடுத்த அலை வேறோர் இடம் பார்த்துவிடும்.

படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாதபடி அடுப்பு ஊசல்போல் தொங்கவிடப்பட்டிருக்கும். சமைப்பவரின் ஒரு கை கரண்டியைப் பிடித்தால், மறு கை கம்பியைப் பிடித்திருக்கும். நன்னீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில்தான். மழை வந்தால் பாயில் வழிந்து வரும் நீரை வாளியில் பிடிப்பர். முதலில் வரும் நீர் பாயில் படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். அதனைக் கொட்டிவிட்டுப் பின்னர் வருவதையே சேமிப்பர்.

கடலோடியின் தலையாய பகை புயலன்று, உராய்வே. ஒரு கயிறு மரத்திலோ கம்பியிலோ ஒரே இடத்தில் இரவும் பகலும் உரசிக்கொண்டிருக்கும். கவனியாது விட்டால் சில நாள்களில் இற்றுவிடும். ஆகவே விடிந்ததும் முதல் வேலை, முன்முனையிலிருந்து பின்முனைவரை கயிறுகளையும் ஆணிகளையும் பாய்த்தையல்களையும் தொட்டுப் பார்த்து வருவதாகும். பின்னர் உள்ளங்கையில் தோலுறை மாட்டி, தடித்த ஊசியும் மெழுகு பூசிய நூலும் கொண்டு பாய் தைக்கும் வேலை தொடங்கும். கலத்தில் இருவர் இருப்பின் இரவில் முறைவைத்துக் காவல் இருப்பர். தனியொருவராயின் உறக்கமும் துண்டு துண்டாகவே அமையும். காற்றின் விசையைக் கொண்டே சுக்கானைத் திருத்தும் பொறி திசையைக் காத்துக்கொண்டிருக்க, அவர் கண் மட்டும் உறங்கும், செவி உறங்காது. பலகையில் நீர் மோதும் ஓசை சற்று மாறினாலும் அவர் எழுந்துவிடுவார்.

செயற்கைக்கோள்வழி இடமறியும் கருவிகள் வருவதற்கு முன்னர் இந்த ஒழுங்கின் நடுநாயகமாக விளங்கியது நண்பகல். செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் அடிவானத்திலிருந்து கதிரவனின் உயரத்தை அளந்து, நேரத்தைத் துல்லியமாகக் குறித்து, அட்டவணைகளைப் பார்த்துக் கணக்கிட்டால் கலம் நிற்கும் இடம் புலனாகும். கடிகாரத்தில் நான்கு நொடி பிழைத்தால், நிலநடுக்கோட்டருகே கிழக்கு மேற்காக ஒரு கடல்மைல் பிழைக்கும். அரைமணி நேர உழைப்பின் விடை வரைபடத்தில் ஒரு புள்ளி. குறிப்பேட்டில் ஒரு வரி. இடம், காற்று, வானிலை, கடந்த தொலைவு, செய்த வேலை என்னும் அளவில் அந்த வரி முடிந்துவிடும். அணியில்லை, அடைமொழியில்லை. எனினும் நாளை எத்திசையில் செல்வது என்பது இன்று எழுதிய அந்த வரியையே நம்பியிருக்கிறது.

1895 முதல் 1898 வரை 'ஸ்ப்ரே' என்னும் படகில் முதன்முதலாகத் தனியாக உலகைச் சுற்றிவந்த ஜோசுவா ஸ்லோகம், ஒரு டாலர் விலையுள்ள தகரக் கடிகாரத்தையே நம்பிச் சென்றதாக எழுதியுள்ளார். 1900இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம், குறிப்பேட்டின் அந்த எளிமை உரைநடையிலும் குன்றாமல் நின்றதேயாகும்.

பம்பாய்த் தேக்கில் பிறந்த கலம்

1968இல் இலண்டனின் 'சண்டே டைம்ஸ்' வார இதழ், எத்துறைமுகத்திலும் தங்காமல் தனியாக உலகைச் சுற்றிவரும் போட்டியை அறிவித்தது. முதலில் திரும்புபவருக்குப் பொன்னுருண்டைக் கோப்பை. குறைந்த நாள்களில் சுற்றி முடிப்பவருக்கு 5000 பவுன். புறப்பட்டவர் ஒன்பதின்மர், முடித்தவர் ஒருவரே. அவர் வணிகக் கப்பல் அதிகாரியாகப் பணியாற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' 32 அடி நீளமுள்ள படகு. பம்பாயில் இந்தியத் தேக்கில் கட்டப்பட்டது. பாரசீக வளைகுடாவில் வீசும் ஒரு காற்றின் பெயரே அதற்கு இடப்பட்டது.

1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்ட அவருக்கு, வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அட்லாண்டிக் கடலில் அடிப்பலகை இணைப்பு கசிந்தது. நடுக்கடலில் மூழ்கி, இடைவெளியில் பஞ்சு திணித்து, அதன்மேல் செப்புத்தகடு அறைந்து அடைத்தார். சுறா ஒன்று சுற்றிவந்தபோது மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மீண்டும் நீரில் இறங்கினார். தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டது; மழைநீரை நம்பினார். திசைகாக்கும் பொறி உடைந்தது. பாய்களைச் சமன்செய்தே கலத்தை நெறிப்படுத்தினார். செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் பழுதுற்றது. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் காணப்பட்ட பின்னர், 1969 ஏப்ரலில் அசோர்ஸ் தீவுகளருகே ஒரு கப்பல் காணும்வரை அவரைப் பற்றிய செய்தியே இல்லை.

அந்த மாதங்களில் அவர் எழுதிய குறிப்புகளைக் கேட்போர் எவருமிலர். எனினும் நாள் தவறாமல் எழுதினார். 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அவர் திரும்பிவந்தபோது, சுங்க அதிகாரிகள் வழக்கம்போல் எங்கிருந்து வருகிறீர் என்று கேட்டனர். அவர் கூறிய விடை ஒரே சொல்: ஃபால்மத். புறப்பட்ட இடத்தையே வந்த இடமாகக் கூறும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் 312 நாள்களின் வரிகள் நின்றன. அதனால்தான் அச்சொல்லுக்கு அத்தனை எடை.

பரிசைத் துறந்தவர்

இரண்டாமவர் பெர்னார் முவாத்தெசியே. 1925இல் ஹனோயில் பிறந்து இந்தோசீனாவில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். ஸ்லோகத்தின் நினைவாக 'ஜோசுவா' எனப் பெயரிட்ட எஃகுப் படகில், 1968 ஆகஸ்ட் 22ஆம் நாள் பிளிமத்திலிருந்து புறப்பட்டார். செய்தி அனுப்பும் வானொலியை அவர் ஏற்கவில்லை. செய்தியைச் சிறு குப்பியில் இட்டு, எதிர்ப்படும் கப்பலின் தளத்தின்மேல் கவண் கொண்டு எறிவதே அவர் கையாண்ட முறை.

அவரது பயண நூலில் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. நியூசிலாந்தின் தென்பால் ஸ்டூவர்ட் தீவினருகே செல்கையில், ஓங்கில்கள் பெருங்கூட்டமாக வந்து கலத்தைச் சூழ்ந்தன. வரிசையாக நீந்தி, மீண்டும் மீண்டும் வலப்புறமாகவே திரும்பின. அவற்றின் போக்கு வழக்கத்திற்கு மாறாக இருப்பதைக் கண்டு திசைகாட்டியை நோக்கினார். அவர் அறியாமலே காற்று திரும்பியிருந்தது. கலம் பாறைகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. உடனே வலப்புறம் திருப்பினார். ஓங்கில்கள் எச்சரித்தன என்று கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆயின் நாள்தோறும் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்ணுக்கே வழக்கத்தின் மாற்றம் புலப்படும் என்பது உறுதி.

தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையும் கடந்து, வெற்றி கைக்கெட்டும் நிலையில் இருந்த அவர் வடக்கே திரும்பவில்லை. 1969 மார்ச்சில் கேப்டவுன் அருகே ஒரு கப்பலின்மேல் எறிந்த செய்தியில், கடலில் மகிழ்ச்சியாக இருப்பதால் நிற்காமல் பசிபிக் தீவுகளுக்குச் செல்வதாகத் தெரிவித்தார். கரையில் மனைவி காத்திருந்தார் என்பதையும், அம்முடிவின் விலையை அவரும் செலுத்த நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது. 1969 ஜூன் 21ஆம் நாள் தாஹித்தி சேர்ந்தார். 1971இல் வெளிவந்த அவர் நூல் கடல் இலக்கியத்தில் தனியிடம் பெற்றது. பரிசைத் துறந்தவர் நாட்குறிப்பைத் துறக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இரண்டு கணக்குகள்

மூன்றாமவர் டொனால்டு குரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவி செய்யும் சிறு தொழில் நடத்தியவர். நான்கு குழந்தைகளின் தந்தை. தொழில் நலிவுற்ற நிலையில், பயணம் கைவிடப்படின் பெருங்கடன் சூழும் என்னும் ஒப்பந்தத்தோடு, புறப்பட இறுதி நாளான 1968 அக்டோபர் 31 அன்று 'டெய்ன்மத் எலெக்ட்ரான்' என்னும் மூவுடற் படகில் புறப்பட்டார். கலம் கசிந்தது, தென்பெருங்கடலின் சீற்றத்தை அது தாங்காது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். முன்னே சென்றால் சாவு, பின்னே திரும்பினால் அழிவு. அந்நெருக்கடியில் அவர் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். டிசம்பரில், ஒரே நாளில் 243 கடல்மைல் கடந்ததாகப் பொய்ச்செய்தி அனுப்பினார். பின்னர் வானொலியை நிறுத்திவிட்டு, உலகைச் சுற்றுவதாகப் பிறர் நம்பியிருக்க, தென் அட்லாண்டிக்கிலேயே அலைந்தார்.

பொய்க்கணக்கு மெய்க்கணக்கைவிடக் கடினமானது. மெய்யாக எழுதுபவர் கதிரவனை அளந்து இடத்தைக் காண்கிறார். பொய்யாக எழுதுபவரோ இடத்தை முதலில் கற்பித்துக்கொண்டு, அங்கிருந்தால் கதிரவன் எவ்வுயரத்தில் தோன்றியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தாம் சென்றிராத கடலின் வானிலையை வானொலியில் கேட்டு எழுத வேண்டும். அதே வேளையில், தாம் உண்மையில் இருக்கும் இடம் தெரியாவிட்டால் கலம் தப்பாது. ஆகவே மெய்க்கணக்கையும் விடலாகாது. ஒரே மேசையில் இரு கணக்குகள்; ஒரே மனிதருக்குள் இரு பயணிகள்.

கடைசியாக வந்துசேர்ந்தால் தம் குறிப்பேட்டை எவரும் கூர்ந்து ஆராயமாட்டார் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் அவர் பின்தொடர்ந்து வருவதாக நம்பிய நைஜல் டெட்லி, தம் பழுதுற்ற படகை விரைந்து செலுத்த, அது 1969 மே 21ஆம் நாள் மூழ்கியது. டெட்லி காப்பாற்றப்பட்டார். விரைவுக்கான பரிசு தம் தலைமேல் விழப்போகிறது, ஏட்டின் ஒவ்வொரு வரியும் ஆராயப்படும் என்பதைக் குரோஹர்ஸ்ட் அறிந்தார். இறுதி நாள்களில் ஏறத்தாழ 25,000 சொற்கள் எழுதினார். அவை இடத்தையோ காற்றையோ பற்றியவை அல்ல. கடவுளையும் காலத்தையும் பற்றிய, கரை காணாத எழுத்து. ஜூலை 1ஆம் நாளோடு அது நின்றது. ஜூலை 10ஆம் நாள் படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. மெய்க்கணக்கு கலத்திலேயே இருந்தது. அதனைக் கடலில் எறிந்திருந்தால் உண்மை எளிதில் வெளிப்பட்டிராது. எல்லாவற்றையும் இழந்த நிலையிலும் அம்மனிதர் அதனை அழிக்கவில்லை.

இரு பரிசுகளையும் பெற்ற நாக்ஸ்-ஜான்ஸ்டன், 5000 பவுனைக் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்திற்கு வழங்கினார். உண்மை வெளிவந்த பின்னரும் அதனைத் திரும்பப் பெறவில்லை. இகழ்வது எளிதாயிருந்த இடத்தில் இகழாது நின்ற அப்பண்பும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இன்றைய கலங்கள்

அந்த மரபு முடிந்துவிடவில்லை. 2018இல் பழைய முறைகளோடே அப்போட்டி மீண்டும் நடத்தப்பட்டபோது, இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் பின்பற்றிக் கோவாவில் கட்டப்பட்ட 'துரீயா'வில் சென்றார். தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று மீட்கப்பட்டார். எனினும் 2022இல் மீண்டும் புறப்பட்டு, 2023இல் இரண்டாமவராக முடித்தார். அப்போட்டியில் முதலாமவராக வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி'யில் புறப்பட்ட இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், துறைமுகங்கள் சிலவற்றில் தங்கி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினர். அவர்களுள் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர், மற்றவர் தில்னா. கருவிகள் மாறிவிட்டன. கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், முறைவைத்துக் காப்பதும், நாளின் வரியை எழுதுவதும் மாறவில்லை.

கவிஞர் பெருமக்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இம்மூவரின் ஏடுகளே விடை. படிப்பவர் இல்லாத இடத்திலும் எழுதுபவர் இருக்கிறார். அவர் எழுதிய வரியைக் கொண்டே மறுநாள் தம் கலத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பிறரை ஏமாற்றும் பொய், என்றேனும் ஒரு நாள் பிறரால் கண்டுபிடிக்கப்படலாம், படாமலும் போகலாம். எழுதியவரின் திசையை அது உடனே கெடுத்துவிடுகிறது. கவிதையிலும் இதுவே நிகழ்கிறது. உணராததை உணர்ந்ததாக எழுதும் வரி, கேட்போரின் கைத்தட்டலைப் பெறலாம். அடுத்த வரி எங்கிருந்து தொடங்குவது என்பதை எழுதியவர் இழந்துவிடுகிறார்.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலரும் ஒருவகையில் குறிப்பேடே. கூடிய நாள்கள், படித்த கவிதைகள், வீசிய காற்று ஆகியவை அதில் உள்ளபடி பதியட்டும். அடுத்த பத்தாண்டுப் பயணம் அவ்வேட்டை நம்பித் தொடங்கட்டும்.