நம் தாமானும் நம் உரிமைதான்

(குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாருக்குப் போகாமல், துணி துவைக்காமல், இரவு ஷிப்டு முடித்த தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. கூட்டத்திற்குச் 'சுற்றுச்சூழல்' என்று தலைப்புப் போட்டதும் ஓர் அண்ணன் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "லாயர், நம்ம பிள்ளைகளுக்கு வேலை இல்ல, சில பேருக்கு ஐ.சி.யே இல்ல. நீங்க மரத்தப் பத்திப் பேச வந்துட்டீங்களா?"

நியாயமான கேள்வி. மரம் வளர்ப்பதெல்லாம் பங்களாவில் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் 2021 டிசம்பர் 18-ஐ நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்கள் யார்? அதில் நம்மவர்கள் எத்தனை பேர்? 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அப்போது ஐந்தாவது மாடிக்கு வாளி தூக்கியது யார்? 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்த பிறகு, ஜெஞ்சாரோம் பக்கம் சட்டவிரோதத் தொழிற்சாலைகள் முளைத்தன. அந்த எரிந்த பிளாஸ்டிக் வாடையைச் சுவாசித்தவர்கள் பணக்காரர்களா?

காசு உள்ளவர் காற்று கெட்டால் வீடு மாறிப் போய்விடுவார். நமக்கு அந்த வசதி இல்லை.

சட்டமும் இதை ஒரு காலத்திலேயே சொல்லிவிட்டது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தான் தேக் செங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது சுற்றுச்சூழல் வழக்கே அல்ல. ஒரு பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் வேலைநீக்க வழக்கு. அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு காக்கும் 'உயிர்' என்பதில் ஓரளவு தூய்மையான, தூய்மைக்கேடு இல்லாத சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்று விளக்கினார். குப்பை நாற்றத்தைப் பற்றிப் புகார் செய்ய மன்றத்திற்குப் போகும்போது கூனிக் குறுகி நிற்காதீர்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

இப்போது நம் பிளாட்டுக்கு வருகிறேன். இதில் என் சொந்த வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் லயன் வீட்டில் இருந்தபோது நம் அம்மாக்கள் சோறு வடித்த கஞ்சியை மாட்டுக்கு வைத்தார்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டார்கள். முருங்கையும் கருவேப்பிலையும் வாசலிலேயே இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த பிறகு, மண் இல்லை, மாடு இல்லை. எல்லாமே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கீழே போகிறது. சில வீடுகளில் சன்னல் வழியாகவே போகிறது! சிரிக்காதீர்கள், எந்த புளோக் என்று எனக்குத் தெரியும்.

என் அம்மா இருந்த பிளாட்டில் லிப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. "லிப்ட் ஓடாமல் எதற்குப் பணம்?" என்று பராமரிப்புக் கட்டணத்தை அம்மா நிறுத்திவிட்டார். அவரைப் போலப் பலர் நிறுத்தினார்கள். ஆண்டுக் கூட்டம் வந்தது. புளோக்குக்குப் பின்னால் இருந்த புல்வெளியையும் நான்கு மரங்களையும் அகற்றி, சிமெண்ட் போட்டு மோட்டார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று தீர்மானம். அம்மா எழுந்து நின்று எதிர்த்தார். "நிலுவை வைத்திருக்கிறீர்கள், ஓட்டு இல்லை" என்று உட்கார வைத்துவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. இந்த விதியை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த நான், பெற்ற தாய்க்குச் சொல்லியிருக்கவில்லை. மரங்கள் போயின. அதற்குப் பிறகு மழை பெய்தால் மண்ணில் இறங்க வேண்டிய தண்ணீர் சிமெண்டில் ஓடி, தரைமாடி வீடுகளின் வாசலில் நிற்க ஆரம்பித்தது.

எனவே கவனமாகக் கேளுங்கள். 2015 ஜூன் முதல் நடப்பில் உள்ள 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், 757, உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். கூட்டத்திற்கு ஏழு நாள் முன்பு நிலுவை இருந்தால் ஓட்டு இல்லை. லிப்ட் ஓடவில்லை என்றாலும் கட்டிவிடுங்கள். கட்டிய ரசீதோடு சண்டை போடுங்கள். கூட்டத்திற்குக் குறைந்தது 14 நாள் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஏழு நாள் முன்பாக எழுத்துமூலம் கொடுத்தால், எந்த உரிமையாளரும் தன் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ஓட்டுரிமைக் கடிதம் வாங்கி வாருங்கள். இன்னொன்று: அரைமணி நேரத்தில் கோரம் சேராவிட்டால், வந்திருக்கும் தகுதியுள்ளவர்களே கோரம். முந்நூறு வீட்டில் பதினெட்டுப் பேர் வந்தால் அந்தப் பதினெட்டுப் பேர்தான் உங்கள் மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்வார்கள். நிர்வாகம் கடமையைச் செய்யவில்லை என்றால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே இரண்டரை லட்சம் வெள்ளி வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞரே வேண்டாம். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

என்ன தீர்மானம் கொண்டுவரலாம்? படிக்கட்டு விளக்கில் தொடங்குங்கள். 36 வாட் குழல் விளக்குக்குப் பதில் 18 வாட் எல்.இ.டி. மாட்டினால், 200 விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஏறக்குறைய 1,300 யூனிட் மிச்சம். அந்தப் பில் உங்கள் பராமரிப்புப் பணத்திலிருந்துதானே போகிறது? மிச்சமானதை லிப்டுக்குப் போடச் சொல்லுங்கள். சமையலறைக் கழிவை உரமாக்க நான்கு பீப்பாய் போதும். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

தரைவீட்டில் இருப்பவர்களுக்கு மழைத் தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை என்றால் ஒரே மழையில் ஆயிரம் லிட்டர். பீப்பாய்க்கு மேல் சன்ன வலை கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் ஏடிஸ் கொசு வளர்த்ததற்குச் சுகாதார அதிகாரி சம்மன் எழுதிவிடுவார். தோட்டத்துப் பழக்கத்தில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி அது குற்றம்.

ஆனால் விளக்கையும் பீப்பாயையும் விடப் பெரிய விஷயம் நிலம்.

புக்கிட் கியாரா கதை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் உழைத்த நம் மக்களை 1980-களின் தொடக்கத்தில் தற்காலிக நீள்வீடுகளில் குடிவைத்தார்கள். வீடு தருகிறோம் என்றார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டு ஓடியது. 2017-இல் பக்கத்தில் இருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் ஒரு திட்டத்திற்கு மாநகராட்சி மன்றம் அனுமதி கொடுத்தது: எட்டு சொகுசு அடுக்குமாடிக் கட்டடங்கள், கூடவே நீள்வீட்டு மக்களுக்கும் ஒரு கட்டடம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் பூங்காவைக் காக்க நீதிமன்றம் போனார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்து, அனுமதியை ரத்து செய்தது. மாநகரின் கட்டமைப்புத் திட்டத்தை மீறி அனுமதி கொடுப்பதென்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பை வழக்கறிஞராகக் கொண்டாடினேன். தோட்டத்துப் பிள்ளையாக எனக்கு நெஞ்சு கனத்தது. பூங்கா பிழைத்தது, நீள்வீட்டு அம்மாவின் கையில் அன்றும் சாவி இல்லை. 'மரமா, தமிழனுக்கு வீடா?' என்று நம்மை நிறுத்தியது யார்? நம் வீட்டை அந்தச் சொகுசுக் கட்டடங்களோடு முடிச்சுப் போட்டவர்கள்தான். வீடும் வேண்டும், பூங்காவும் வேண்டும் என்று நாம் கேட்டிருக்க வேண்டியது அனுமதி கொடுப்பதற்கு முன்பு, திட்டம் காகிதத்தில் இருந்தபோது.

தீபகற்பத்தின் மாநிலங்களில் அதற்கு வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றம் வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம். அந்த வரைபடத்தில் நம் தாமான் திடல் பச்சை நிறத்தில் இருக்கிறதா, கோயில் நிலம் கோயிலாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். இரண்டு பேர். பக்கத்துத் தாமானில் ஓய்வுபெற்றவர்கள் கோப்போடு போகிறார்கள். நாம் மண்வாரி இயந்திரம் வந்த பிறகு பேனர் கட்டுகிறோம். ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்ட நாட்டில், கவுன்சிலரை ஓட்டுப் போட்டு மாற்ற உங்களால் முடியாது. இந்த நான்கு வாரத்தையும் விட்டுவிட்டால் பிறகு வழக்குதான். கியாரா மக்களுக்கு அது ஏறக்குறைய ஆறு ஆண்டு இழுத்தது. அவர்களிடம் பணம் இருந்தது.

பின்வரிசை மேசையில் மலாயில் எழுதிய இரண்டு மாதிரிக் கடிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று ஆண்டுக் கூட்டத் தீர்மானத்திற்கு, இன்னொன்று வட்டாரத் திட்ட ஆட்சேபத்திற்கு. பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பராமரிப்பு நிலுவை உள்ளவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வந்து உட்காருங்கள். தவணையில் கட்டச் சம்மதம் கேட்டு நிர்வாகத்திற்கு இன்றே எழுதிவிடலாம். தேத்தண்ணியும் தயார். தயவுசெய்து வீட்டிலிருந்து கொண்டுவந்த குவளையிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள்.